சொத்துக் கணக்கு கேட்பதை ஏன் சுருக்கினீர்கள்? – நிதியமைச்சருக்கும் நேரடி வரிகள் வாரியத்துக்கும் ஒரு திறந்த மடல்

மாண்புமிகு ஒன்றிய நிதியமைச்சர் அவர்களுக்கும், மத்திய நேரடி வரிகள் வாரியத்தின் தலைவர் அவர்களுக்கும்,

2025-26 மதிப்பீட்டு ஆண்டுக்கான வருமான வரிப் படிவங்களில் ஓர் எண்ணை மாற்றினீர்கள். ஐடிஆர்-2, ஐடிஆர்-3 இரண்டின் கடைசிப் பகுதியில் 'அட்டவணை ஏ.எல்.' என்று ஒன்று இருக்கிறது. சொத்து எவ்வளவு, கடன் எவ்வளவு என்று கேட்கும் பக்கம் அது. ஆண்டு வருமானம் 50 லட்சத்தைத் தாண்டியவர்கள் அதை நிரப்ப வேண்டும் என்று இருந்தது. இப்போது 1 கோடியைத் தாண்டியவர்கள் நிரப்பினால் போதும். வரி கட்டுவோருக்குச் சுமை குறைந்தது என்று செய்தி வந்தது, எதிர்ப்பு எதுவும் வரவில்லை. வரிக் கணக்குத் தயாரித்துத் தாக்கல் செய்வதே எங்கள் தொழில். எங்கள் வேலையும் கொஞ்சம் குறைந்ததுதான். ஆனாலும் இந்த மாற்றத்தை எங்களால் ஏற்க முடியவில்லை. ஏன் என்று சொல்ல, அந்தப் பக்கம் எப்படி வந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

1957-இல் வந்த செல்வ வரிச் சட்டத்தை 2015 பட்ஜெட்டில் நீக்கினார்கள். அப்போது சொன்ன காரணம், 2013-14-இல் அந்த வரியில் நாடு முழுவதும் வசூலானது 1,008 கோடி ரூபாய்தான், வசூலிக்கும் செலவும் தொல்லையும் அதிகம் என்பது. பதிலுக்கு இரண்டு உறுதிகள் தரப்பட்டன. 1 கோடிக்கு மேல் வருமானம் உள்ளவர்கள் மீது கூடுதலாக 2 சதவீத சர்சார்ஜ் (வரித் தொகையின் மேல் போடும் வரி) விதிக்கப்படும் என்பது ஒன்று. செல்வ வரிப் படிவத்தில் வாங்கிக்கொண்டிருந்த சொத்து விவரங்களை இனி வருமான வரிப் படிவத்தில் வாங்கிக்கொள்வோம் என்பது இன்னொன்று. 50 லட்ச வரம்போடு அட்டவணை ஏ.எல். வந்தது அந்த இரண்டாவது உறுதியிலிருந்துதான்.

முதல் உறுதி என்ன ஆனது? சர்சார்ஜ் சில ஆண்டுகள் ஏறியது. 5 கோடிக்கு மேற்பட்ட வருமானத்துக்கு 37 சதவீதம் வரை போனது. 2023 பட்ஜெட்டில் புதிய வரிமுறைக்கு அதை 25 சதவீதமாகக் குறைத்தீர்கள். உச்ச வரி 42.74 சதவீதத்திலிருந்து 39 சதவீதத்துக்கு இறங்கியது. டிவிடெண்டுக்கும் (கம்பெனி பங்குதாரருக்குத் தரும் லாபப் பங்கு) மூலதன ஆதாயத்துக்கும் (சொத்தை விற்று வரும் லாபம்) சர்சார்ஜ் 15 சதவீதத்தைத் தாண்டாது என்ற வரம்பு தனியாக இருக்கிறது. இரண்டாவது உறுதியைத்தான் இப்போது பாதியாக்கியிருக்கிறீர்கள்.

செல்வ வரி ஏன் 1,008 கோடியோடு நின்றது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அந்த எண்ணை வைத்துத்தான் இன்றுவரை எல்லா வாதங்களும் மறுக்கப்படுகின்றன. 1993-லிருந்து அந்த வரி 'உற்பத்திக்குப் பயன்படாத' சொத்துகளுக்கு மட்டும் என்று சுருக்கப்பட்டது. நகர்ப்புற மனை, இரண்டாவது வீடு, நகை, கார், படகு, விமானம், கையிருப்பில் 50 ஆயிரத்துக்கு மேற்பட்ட ரொக்கம் ஆகியவற்றுக்கு வரி உண்டு. பங்குகளுக்கும் கடன் பத்திரங்களுக்கும் வங்கி வைப்புகளுக்கும் கிடையாது. 30 லட்சத்துக்கு மேல் 1 சதவீதம். அதாவது அண்ணாநகரில் இரண்டு மனை வைத்திருந்தவர் கட்டினார். பங்குச் சந்தையில் பல்லாயிரம் கோடி வைத்திருந்தவர் அந்தப் பங்குகளுக்கு ஒரு பைசா கட்டவில்லை. பெரும் பணக்காரர்களின் சொத்தில் பெரும்பகுதி பங்குகளாகத்தான் இருக்கிறது. வலையில் பெரிய மீன் போகும் அளவுக்கு ஓட்டை போட்டுவிட்டு, மீனே இல்லை என்று வலையைச் சுருட்டி வைத்த கதை அது.

இனி அட்டவணை ஏ.எல். பக்கத்துக்கு வருவோம். அதில் மூன்று குறைகள் இருக்கின்றன. வரம்பை உயர்த்தியதை விட இவை பெரியவை.

முதல் குறை, அது வாங்கிய விலையைக் கேட்கிறது, இன்றைய மதிப்பைக் கேட்பதில்லை. ஒரு கணக்கைப் பாருங்கள். கம்பெனி தொடங்கியபோது ஒருவர் 10 ரூபாய் முகமதிப்பில் 1 கோடிப் பங்குகளை எடுக்கிறார். முதலீடு 10 கோடி. பிறகு கையிலுள்ள ஒரு பங்குக்கு ஒரு பங்கு இலவசம் என்று இரண்டு முறை போனஸ் வருகிறது; பங்குகள் 4 கோடியாகின்றன. போனஸ் பங்குக்கு அடக்க விலை சுழியம். சந்தையில் பங்கின் விலை 1,500 ரூபாய். அவரிடம் இருப்பது 6,000 கோடி. அட்டவணையில் அவர் எழுத வேண்டியது 10 கோடி. பொய் எழுதவில்லை, விதி அப்படி. அதிலும் 'பங்குகளும் பத்திரங்களும்' என்று ஒரே கட்டத்தில் ஒரே தொகை. எந்தக் கம்பெனி, எத்தனை பங்கு என்று அங்கே கேள்வியே இல்லை. பங்குச் சந்தையில் பட்டியலிடப்படாத கம்பெனிப் பங்குகளுக்கு மட்டும் படிவத்தின் வேறு இடத்தில் விவரம் கேட்கிறீர்கள். அங்கும் அடக்க விலைதான்.

தந்தை இதை மகனுக்குத் தானமாகக் கொடுத்தால், மகன் எழுதுவதும் தந்தை வாங்கிய விலையைத்தான். ஒரு தலைமுறை கடந்தும் அந்த 10 கோடி 10 கோடியாகவே நிற்கிறது.

இரண்டாவது குறை, நிரப்ப வேண்டியவர் யார் என்பதைச் சொத்தை வைத்து முடிவு செய்யாமல் வருமானத்தை வைத்து முடிவு செய்கிறீர்கள். மேலே சொன்னவர் இந்த ஆண்டு டிவிடெண்ட் வேண்டாம், லாபம் கம்பெனியிலேயே இருக்கட்டும் என்று இயக்குநர் குழுவில் தீர்மானிக்கிறார். 90 லட்சம் சம்பளம் மட்டும் எடுத்துக்கொள்கிறார். அவர் வருமானம் 1 கோடிக்குக் கீழே. 6,000 கோடி வைத்திருப்பவர் அட்டவணை ஏ.எல். நிரப்பத் தேவையில்லை. பழைய வரம்பில் அவர் நிரப்பியிருக்க வேண்டும். உங்கள் மாற்றம் நடுத்தர வர்க்கத்துக்கு மட்டும் உதவவில்லை என்பதை இதில் காணலாம்.

மூன்றாவது, டிரஸ்ட். குடும்பப் பங்குகளைத் தனியார் டிரஸ்டுக்கு மாற்றுவது இப்போது பெரிய குடும்பங்களில் வழக்கமாகிவிட்டது. உறவினர்களின் நன்மைக்காக மட்டுமே அமைந்த டிரஸ்டுக்குத் தனிநபர் மாற்றித் தந்தால் 1961 வருமான வரிச் சட்டத்தின் 56(2)(x) பிரிவில் வரி இல்லை. பட்டியலிட்ட கம்பெனியின் பெரும் பங்கை மாற்றும்போது மற்றப் பங்குதாரர்களின் பங்கையும் வாங்கிக்கொள்ளத் திறந்த அழைப்பு விடுக்கும் கட்டாயத்திலிருந்து விலக்குக் கேட்கவும் பங்குச் சந்தை ஒழுங்காற்று அமைப்பான செபியிடம் 2017-லிருந்து தனி நடைமுறை உண்டு. டிரஸ்ட் தாக்கல் செய்வது வேறு படிவம், ஐடிஆர்-5. அதில் அட்டவணை ஏ.எல். இல்லை. யாருக்கு எவ்வளவு என்பதை அதை நிர்வகிக்கும் டிரஸ்டியே முடிவு செய்யும் வகை டிரஸ்டாக இருந்தால், கம்பெனிச் சட்டத்தின் 90-ஆம் பிரிவில் 'முக்கியப் பயனுரிமையாளர்' என்று அறிவிக்கப்படுபவரும் டிரஸ்டிதான். அனுபவிக்கப் போகும் குடும்பத்தினர் பெயரை அந்த அறிவிப்பில் எழுத வேண்டியதில்லை. டிரஸ்ட் அமைப்பதில் சட்ட மீறல் ஏதுமில்லை. ஆனால் நாட்டின் மிகப் பெரிய சொத்துகள் அரசின் கணக்கிலிருந்து மறையும் கதவு இதுதான்.

மதிப்பிடுவது கடினம், அதனால்தான் வாங்கிய விலையைக் கேட்கிறோம் என்று சொல்வீர்கள். இந்த வாதம் எங்களிடம் செல்லாது, ஏனென்றால் மதிப்பிடும் விதிகள் எல்லாம் உங்களிடமே இருக்கின்றன, அவற்றைப் பயன்படுத்தித்தான் நாங்கள் தினமும் கணக்குப் போடுகிறோம். பட்டியலிட்ட பங்குகள் டிமேட் என்ற மின்னணுக் கணக்கில் இருக்கின்றன. மார்ச் 31 முடிவு விலையால் பெருக்கினால் மதிப்பு வந்துவிடும். காலாண்டு முடிந்த 21 நாட்களுக்குள் புரமோட்டர்களின் (கம்பெனியைத் தொடங்கி நடத்துபவர்கள்) பங்கு விவரத்தைப் பெயரோடு பங்குச் சந்தைக்குக் கம்பெனிகள் தந்தாக வேண்டும். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பட்டியலிடாத பங்குக்கு 1962 வருமான வரி விதிகளின் 11யுஏ விதி இருக்கிறது: கம்பெனியின் சொத்துகளிலிருந்து கடன்களைக் கழித்து, அதில் நிலம், கட்டடத்தை முத்திரைத் தீர்வை மதிப்பிலும், நகை, பங்குகளைச் சந்தை மதிப்பிலும் வைத்து, மொத்தப் பங்குகளால் வகுப்பது. பங்கைக் குறைந்த விலைக்கு விற்றவரைப் பிடிக்க இந்த விதியைப் பயன்படுத்துகிறீர்கள். சொத்துக் கணக்குக் கேட்கும்போது மட்டும் அது எங்கே போகிறது? வீடு, மனைக்குப் பதிவுத் துறையின் வழிகாட்டி மதிப்பு இருக்கிறது.

வெளிநாட்டுச் சொத்துக்கான அட்டவணை எஃப்.ஏ.-வையும் பாருங்கள். அமெரிக்கக் கம்பெனியின் சென்னை அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒரு பொறியாளருக்குத் தாய்க் கம்பெனியின் பங்குகள் நாற்பதோ ஐம்பதோ கிடைக்கின்றன. அவர் வருமானம் எவ்வளவாக இருந்தாலும் அந்த அட்டவணையை நிரப்ப வேண்டும். தொடக்க மதிப்பு, ஆண்டில் தொட்ட உச்ச மதிப்பு, ஆண்டிறுதி மதிப்பு, வந்த டிவிடெண்ட் எல்லாவற்றையும் ரூபாயில் மாற்றி எழுத வேண்டும். விட்டுவிட்டால் 2015 கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் அபராதம் வரலாம். 20 லட்சம் வரையிலான அசையாச் சொத்தல்லாத முதலீடுகளுக்கு அந்த அபராதத்திலிருந்து 2024 அக்டோபரில்தான் விலக்குக் கொடுத்தீர்கள். ஐம்பது பங்கின் உச்ச மதிப்பைக் கேட்கத் தெரிந்த வாரியத்துக்கு நான்கு கோடிப் பங்கின் மதிப்பைக் கேட்கத் தெரியாது என்பதை யார் நம்புவார்?

சட்டமன்றத் தேர்தலில் நிற்பவர் படிவம் 26 என்ற உறுதிமொழிப் பத்திரத்தில் தன் சொத்தோடு மனைவி அல்லது கணவர், சார்ந்திருப்போர் சொத்தையும் எழுதுகிறார். நிலத்துக்கு இன்றைய உத்தேசச் சந்தை மதிப்பு, பட்டியலிட்ட பங்குக்குச் சந்தை விலை. அது ஊர் முழுக்கப் படிக்கக் கிடைக்கிறது. ஏழை என்று நிரூபிக்க வருபவரையும் விட்டுவைப்பதில்லை. பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கான 10 சதவீத இட ஒதுக்கீட்டுக்கு 2019-இல் ஒன்றிய அரசு வகுத்த விதி, குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தாலும் 5 ஏக்கர் விவசாய நிலமோ, 1,000 சதுர அடி அடுக்ககமோ, அறிவிக்கப்பட்ட நகராட்சியில் 100 சதுர கெஜம் மனையோ இருந்தால் தகுதி இல்லை என்கிறது. தமிழ்நாட்டின் மகளிர் உரிமைத் தொகைக்கு வீட்டின் ஆண்டு மின் பயன்பாடு 3,600 யூனிட்டுக்குள் இருக்க வேண்டும். மனையின் கெஜத்தையும் மின்சாரத்தின் யூனிட்டையும் எண்ணும் அரசுகள் இவை. எண்ணும் கலை நம்மிடம் இல்லாமல் இல்லை. மேலே போகப் போக அது நின்றுவிடுகிறது, அவ்வளவுதான்.

கணக்கு இல்லாததால் என்ன நடக்கிறது? இந்தியாவில் மேல்தட்டு 1 சதவீதத்தினரிடம் 2022-23-இல் நாட்டின் சொத்தில் 40.1 சதவீதமும் வருமானத்தில் 22.6 சதவீதமும் இருந்ததாக உலக ஏற்றத்தாழ்வு ஆய்வகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2024 மார்ச்சில் கணக்கிட்டார்கள். அந்தக் கணக்கு எப்படிப் போடப்பட்டது என்று பாருங்கள். தேசிய மாதிரி ஆய்வின் கடன், முதலீட்டுக் கணக்கெடுப்பு கீழ், நடு மட்டங்களுக்கு உதவுகிறது. உச்சியில் இருப்பவர்கள் மாதிரி ஆய்வுகளில் சிக்குவதில்லை. காவலாளி நிற்கும் கேட்டைத் தாண்டி கணக்கெடுப்பவர் போவது நடக்கிற காரியமா? அதனால் உச்சிக்கு ஃபோர்ப்ஸ் என்ற அமெரிக்கப் பத்திரிகையின் பணக்காரர் பட்டியலைச் சேர்த்துக்கொண்டார்கள். 140 கோடி மக்கள் உள்ள நாட்டில் பெரும் பணக்காரர்களின் சொத்து எவ்வளவு என்று அறிய ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையைப் புரட்ட வேண்டியிருக்கிறது. பிறகு இந்த எண்களின் தரம் சரியில்லை என்று அரசுத் தரப்பில் குறை சொல்வது எந்த வகையில் நியாயம்? சரியான எண்கள் உங்கள் சர்வரில்தான் இருக்க வேண்டும்.

வருமானத்தை மட்டும் பார்ப்பதில் வரும் கோளாறை நாங்கள் சொன்ன அதே ஆளை வைத்தே காட்டலாம். அவர் பங்குக்கு 5 ரூபாய் டிவிடெண்ட் எடுக்கிறார்: 20 கோடி. அதற்கு உச்ச வரி 35.88 சதவீதம், சுமார் 7.18 கோடி. அந்த ஆண்டு பங்கு விலை 12 சதவீதம் ஏறினால் அவர் சொத்து 720 கோடி கூடுகிறது. ஆக அவர் பக்கம் சேர்ந்தது 740 கோடி, கட்டியது 7.18 கோடி, 100 ரூபாய்க்கு ஒரு ரூபாய் கூட வரவில்லை. கம்பெனி வரி கட்டுகிறதே என்பீர்கள். சரி, சேர்ப்போம். பங்குக்கு 40 ரூபாய் நிகர லாபம் என்று வைத்தால் அவர் பங்குக்கான லாபம் 160 கோடி, அதற்கு 25.17 சதவீதக் கணக்கில் கம்பெனி கட்டிய வரி சுமார் 54 கோடி. எல்லாம் சேர்த்தும் 100 ரூபாய்க்குச் சுமார் 8 ரூபாய்தான் வருகிறது. ஆண்டுக்கு 30 லட்சம் சம்பளம் வாங்குபவர் புதிய வரிமுறையில், 75 ஆயிரம் நிலையான கழிவு போக, செஸ்ஸோடு 4,75,800 ரூபாய் கட்டுகிறார். 100-க்கு கிட்டத்தட்ட 16. அந்த வரியும் சம்பளம் கைக்கு வருமுன்பே பிடித்தமாகிவிடுகிறது.

பங்கை விற்றால் வரி வருமே என்றால், விற்கத்தான் வேண்டியதில்லையே. பணம் வேண்டுமானால் பங்கை அடகு வைத்துக் கடன் வாங்கலாம். கடன் வருமானம் ஆகாது. மகனுக்குக் கொடுத்தால் 1961 சட்டத்தின் 47(iii) பிரிவில் அது மூலதன ஆதாய வரிக்குரிய 'மாற்றம்' ஆகாது, வாங்கிய மகனுக்கும் உறவினர் என்பதால் வரி இல்லை. இலவசமாக மாற்றும் டிமேட் பங்குக்கு முத்திரைத் தீர்வையும் இல்லை. மகளுக்கு ஓட்டு வீட்டைத் தான செட்டில்மென்ட் எழுதித் தருபவர் சார்பதிவாளர் அலுவலகத்தில் முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் கட்டிவிட்டுத்தான் வெளியே வருகிறார்.

எஸ்டேட் டூட்டி என்ற மரணச் சொத்து வரி நம்மிடம் 1953-லிருந்து 1985 வரை இருந்தது. 85 சதவீதம் வரை விகிதம் வைத்தும் அதில் கடைசியாக வந்தது ஆண்டுக்குச் சுமார் 20 கோடி. ஒரே சொத்துக்கு உயிரோடு இருக்கும்போது செல்வ வரி, இறந்தபின் எஸ்டேட் டூட்டி என்று இரண்டு சட்டம், இரண்டு மதிப்பீடு, இரண்டு வழக்கு. அந்தச் சட்டம் மோசமாக எழுதப்பட்டது, எடுத்ததில் தவறில்லை என்பவர்கள் எங்களிலும் உண்டு. ஆனால் அந்தத் தோல்வியை நாற்பது ஆண்டுகளாகச் சாக்காகச் சொல்ல முடியாது. 2024 தேர்தலின்போது சொத்துப் பகிர்வு பற்றிய பேச்சு பெண்களின் தாலி வரை போனது, வாரிசுரிமை வரி என்ற சொல்லும் எழுந்தது. எதிர்க்கட்சியும் அது எங்கள் கொள்கை இல்லை என்று ஒதுங்கியது. முன்னர் சொன்ன ஆய்வாளர்கள் அதே ஆண்டு முன்வைத்த யோசனையில் வரம்பு 10 கோடி. அதற்கு மேற்பட்ட நிகரச் சொத்துக்கு ஆண்டுக்கு 2 சதவீதமும், வாரிசுக்குப் போகும்போது 33 சதவீதமும் விதித்தால் நாட்டின் உற்பத்தி மதிப்பில் 2.73 சதவீதம் கிடைக்கும், வயதுவந்தோரில் 0.04 சதவீதத்தினர் மட்டுமே அதற்குள் வருவார்கள் என்பது அவர்கள் கணக்கு. 10 கோடி வரம்பில் எந்தத் தாலியும் மாட்டாது. விகிதம் சரியா என்று விவாதிக்கலாம். விவாதிக்கவே அடிப்படை எண் வேண்டும்.

எண் இல்லாத இடத்தில் பணம் எப்படிப் பேசும் என்பதையும் இந்த நாடு பார்த்துவிட்டது. கட்சிகளுக்குக் கம்பெனிகள் தரும் நன்கொடை, மூன்று ஆண்டுச் சராசரி நிகர லாபத்தில் 7.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற வரம்பை 2017 நிதிச் சட்டத்தில் எடுத்தார்கள். 2018-இல் தேர்தல் பத்திரம் வந்தது. கொடுத்தவர் யார் என்று வாக்காளருக்குத் தெரியாமல் பல ஆயிரம் கோடி கைமாறிய பிறகு 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் வரம்பு நீக்கம், தேர்தல் பத்திரம் இரண்டும் செல்லாது என்றது.

2024 ஜூலையில் ரியோ டி ஜெனிரோவில் கூடிய ஜி-20 நிதியமைச்சர்கள், மிகப் பெரும் செல்வந்தர்கள் முறையாக வரி கட்டுவதை உறுதிசெய்ய ஒத்துழைப்போம் என்று அறிக்கை தந்தார்கள். இந்தியாவும் அதில் ஒரு தரப்பு. அடுத்த ஆண்டே சொத்து விவரம் கேட்கும் வரம்பை இரட்டிப்பாக்கினோம்.

50 லட்சம் என்ற பழைய வரம்பையே திரும்பக் கொண்டுவாருங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. 60 லட்சம் சம்பளம், ஒரு வீடு, அதன் மேல் வங்கிக் கடன் என்று இருப்பவரிடம் இந்தப் பக்கத்தைக் கேட்டது வீண் வேலைதான். நாங்கள் கேட்பவை இவை:

அட்டவணை ஏ.எல்.-ஐ வருமான வரம்பிலிருந்து விடுவித்து, நிகரச் சொத்து 10 கோடியைத் தாண்டிய ஒவ்வொருவருக்கும், வருமானம் எவ்வளவாக இருந்தாலும், கட்டாயமாக்குங்கள். 1961 சட்டத்துக்குப் பதிலாக வந்த 2025 வருமான வரிச் சட்டத்துக்கான படிவங்களில் இதைச் சேர்க்க நாடாளுமன்றம் போக வேண்டியதில்லை; வாரியத்தின் அறிவிக்கை போதும்.

வாங்கிய விலைக்குப் பக்கத்தில் மார்ச் 31 மதிப்பு என்று ஒரு பத்தி சேருங்கள். பட்டியலிட்ட பங்குக்குச் சந்தை முடிவு விலை, பட்டியலிடாததற்கு 11யுஏ முறை, நிலத்துக்கும் கட்டடத்துக்கும் வழிகாட்டி மதிப்பு. டிமேட் கணக்கில் உள்ளதை, சேமிப்புக் கணக்கு வட்டியை ஆண்டுத் தகவல் அறிக்கையில் நீங்களே காட்டுவது போல, முன்கூட்டியே நிரப்பிக் கொடுங்கள். எங்களுக்கும் வேலை மிச்சம்.

தனியார் டிரஸ்டுகளின் படிவத்தில் இதே அட்டவணையைச் சேர்த்து, டிரஸ்டை அமைத்தவர், பயனாளிகள் ஆகியோரின் பான் எண்களோடு இணையுங்கள். டிரஸ்டியின் விருப்பத்தில் விடப்பட்ட டிரஸ்ட் என்றால் சொத்து முழுவதையும் அமைத்தவரின் குடும்பக் கணக்கில் காட்டச் செய்யுங்கள்.

வருமான வாரியாக எத்தனை பேர் கணக்குத் தாக்கல் செய்தார்கள் என்ற புள்ளிவிவரத்தை 2016-லிருந்து வெளியிடுகிறீர்கள். அதே போல் 10 கோடி, 100 கோடி, 1,000 கோடி, 10,000 கோடி என்ற படிகளில் சொத்து வாரியான அட்டவணையையும், ஒவ்வொரு படியினரும் கட்டிய மொத்த வரியையும், பெயர் எதுவும் இல்லாமல், ஆண்டுதோறும் வெளியிடுங்கள்.

10 கோடிக்கு மேற்பட்ட சொத்துக்கு வாரிசுரிமை வரியும் செல்வ வரியும் விதித்தால் எவ்வளவு வரும், யார் மீது விழும், வெளிநாட்டுக்குக் குடிபெயர்வோரை எப்படிக் கையாள்வது என்பது குறித்து ஒரு வெள்ளை அறிக்கையை அடுத்த பட்ஜெட் கூட்டத்தொடருக்குள் நாடாளுமன்றத்தில் வையுங்கள். ரியோ அறிக்கைக்குப் பின் இந்தியா எடுத்த நடவடிக்கை என்ன என்பதும் அதில் இருக்கட்டும்.

வரம்பை 1 கோடியாக்கியதால் அட்டவணை ஏ.எல். நிரப்பும் கடமையிலிருந்து விடுபட்டவர்கள் எத்தனை பேர், முந்தைய ஆண்டு அவர்கள் காட்டிய மொத்தச் சொத்து எவ்வளவு என்ற இரண்டு எண்கள் வாரியத்திடம் இருக்கின்றன. முதல் பதிலாக அவற்றை வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
வருமான வரிக் கணக்குகளைத் தயாரித்துத் தாக்கல் செய்யும் பணியில் உள்ளோர் சிலர்